மருத்துவச்சியின் தேர்ச்சியும் தாய்மொழியும்

மருத்துவன் என்னும் சொல்லுக்குப் பெண்பால் மருத்துவச்சி. பேறு பார்ப்பவளைக் குறிக்க ஆங்கிலேயன் வைத்துக்கொண்ட சொல்லுக்குப் 'பெண்ணோடு உடனிருப்பவள்' என்பதற்கு மேல் பொருளில்லை. தமிழனோ அவளை மருத்துவம் செய்பவள் என்றே அழைத்தான். சொல்லளவில் இத்துணை உயர்வு தந்த இனம், நடைமுறையில் அவளை ஊர்க்கோடியில் நிறுத்தியது; பிள்ளையை ஏந்திய கையாலேயே தீட்டுத் துணியையும் அலசச் செய்து, முறத்தில் நெல்லும் ஒரு பழம்புடவையும் இட்டுக் கொல்லைப்புற வழியாக அனுப்பியது. இன்று விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ மகப்பேற்று மருத்துவம் படித்த அம்மையார் ஒருவரை 'மருத்துவச்சி' என்று விளித்தால், அவர் அதனை இழிவாகவே கருதுவார். சொல்லின்மேற் குற்றமில்லை, அதன்மேற் படிந்த சாதியழுக்கின் குற்றம் அது.

இச்சொல்லின் வீழ்ச்சியை எடுத்துப் பேசுவது வெறுஞ் சொல்லாராய்ச்சிக்காக அன்று. ஒரு தொழிலுக்கு மக்கள் தரும் மதிப்பும், அத்தொழிலைக் கற்பிக்கும் மொழியும், கற்றவளுக்குத் தரப்படும் உரிமையும் அவள் கையின் தேர்ச்சியை ஆக்கவும் வல்லன, அழிக்கவும் வல்லன. பிற தொழில்களில் அக்கேடு பொருளிழப்போடு நின்றுவிடும். பேறு பார்க்கும் தொழிலிலோ அஃது உயிர்க்கணக்காக முடிகின்றது. 1993 வரை தென்னார்க்காட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்த விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளின் வரலாறே இதற்குப் போதிய சான்று.

1890களில் திண்டிவனத்தில் அமெரிக்கச் சமயப்பணியின் மருத்துவராக இருந்தவர் சான் இசுகடர். நோயுற்ற தாய்க்குத் துணையாக அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள் அவர் மகள் ஐடா. ஒரே இரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக அவ்வீட்டு வாயிலுக்கு வந்தனர். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் வேறொரு குடியினர். மூவர் மனைவியரும் பேற்றுவலியில் உழன்று கொண்டிருந்தனர். தனக்கு மருத்துவந் தெரியாது என்றும், தந்தையை அழைத்துச் செல்லுமாறும் அப்பெண் சொன்னாள். அயல் ஆடவன் ஒருவனைப் பேற்றறைக்குள் விட மூவரும் மறுத்துத் திரும்பினர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். அவ்விரவே தன்னை மருத்துவத்திற்கு ஈர்த்ததாக ஐடா இசுகடர் பிற்காலத்திற் கூறினார். 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்து, 1918-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வேர் திண்டிவனத்தின் அந்த ஓரிரவில் இருக்கின்றது.

இந்நிகழ்ச்சியைச் சொல்பவர் எல்லாரும் ஆடவன் தொடக்கூடாதென்ற மூடவழக்கத்தைப் பழிப்பர். அப்பெண்மணியின் உள்ளவுறுதியைப் போற்றுவர். இரண்டும் தகும். ஆயினும் அக்கதையில் ஒருத்தியைக் காணோம். அவள்தான் மருத்துவச்சி. அக்காலத்தில் அவ்வூரில் மருத்துவச்சியின் கைபடாமல் எந்த வீட்டிலும் பேறு நடந்ததில்லை. எனவே அம்மூன்று வீட்டிலும் யாரோ ஒருத்தி மணிக்கணக்கில் உடனிருந்திருத்தல் வேண்டும். அவள் கைவிரித்த பின்னரே கணவன்மார் வெள்ளையர் வீட்டு வாயிலைத் தேடியிருத்தல் வேண்டும். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எந்த நிலையில் வலி நின்றது, பிள்ளை எப்படிக் கிடந்தது, எப்பொழுது அவளுக்கு ஐயம் எழுந்தது என்பவற்றை அறிந்தவள் அவ்வூரில் அவளொருத்தியே. அவ்வறிவைக் கேட்டுப் பெறுவோரும் இல்லை. அவளால் இயலாததை ஏற்றுச் செய்வோரும் இல்லை. அந்த இடைவெளியிலேதான் மூன்று உயிர்கள் விழுந்தன.

உற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருப்பவன் என மருத்துவத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். மேலும், நோயாளியின் அளவும் நோயின் அளவும் அறிவதோடு காலத்தையும் அறிந்து செய்க என்றார். பேற்று மருத்துவத்திற்கு இக் 'காலம்' என்பதே உயிர்நிலை. ஏனெனில் பேறு ஒரு நோயன்று. பெரும்பாலான பேறுகள் யார் கையும் தேவைப்படாமல் தாமே நடந்து முடிவன. சிலவே பிறழ்வன, அவையும் முன்னறிவிப்பின்றிப் பிறழ்வன. ஆகலின் மருத்துவச்சியின் தேர்ச்சி இருமுகப்பட்டது. கையை வையாமல் பொறுத்திருக்கத் தெரிதல் ஒன்று. பொறுத்திருத்தல் கேடாகும் அந்தக் கணத்தைத் தவறாது பிடித்தல் மற்றொன்று. முன்னது இல்லாதவள் தேவையற்றுக் குடைந்து கெடுப்பாள். பின்னது இல்லாதவள் பார்த்துக்கொண்டே இருந்து கொல்வாள்.

இத்தேர்ச்சியின் தடங்கள் தமிழ்ச்சொற்களில் அப்படியே கிடக்கின்றன. நகரத்தார் மறந்தாலும் செஞ்சி, மயிலம், மரக்காணம் பக்கத்து முதியோள் மறக்கவில்லை. 'பொய்வலி' என்கின்றாள், கருப்பை வாயைத் திறவாத வலிக்கும் திறக்கின்ற வலிக்கும் உள்ள வேறுபாட்டை அவ்வொரு சொல் காட்டிவிடுகின்றது. இன்று மருத்துவமனைகளில் பொய்வலியோடு வந்த பெண்ணைப் படுக்கையில் கிடத்தி ஊசியேற்றி வலியை வரவழைத்து, அது முறையாக வாராதபோது வயிற்றை அறுப்பதும் நடக்கின்றது. அச்சொல்லின் பொருளை உணர்ந்தவள் அவளை வீட்டுக்கு அனுப்பி, உண்ணவும் உலவவும் உறங்கவும் சொல்லியிருப்பாள். 'பனிக்குடம்' உடைந்த நீர் தெளிவாக இருக்கின்றதா, பச்சையாக இருக்கின்றதா என்று அவள் பார்ப்பாள்; பச்சையெனில் உள்ளே பிள்ளை மலங்கழித்துத் துன்புறுகின்றது என்பதே இக்கால மருத்துவமும் சொல்வது. 'தலை இறங்குதல்', 'குறுக்கே கிடத்தல்', 'காலால் பிறத்தல்', 'மாலை சுற்றிப் பிறத்தல்', 'நஞ்சு விழுதல்' என ஒவ்வொரு சொல்லும் ஒரு நிலையைக் குறிப்பது. ஒவ்வொரு நிலையிலும் கை என்ன செய்தல் வேண்டும் என்பதையும் உடன் நினைவூட்டுவது. நூலில்லாத் தொழிலுக்கு இச்சொற்களே நூல்.

இதனால் பழையன யாவும் பொன் என்று யாரும் கருதிவிட வேண்டா. கதிர் அறுத்த அரிவாளாலும் மூங்கிற் சிம்பாலும் கொப்பூழ்க்கொடியை அறுத்து, அதன்மேற் சாணமும் சாம்பலும் அப்பி, எண்ணற்ற பச்சிளங்குழந்தைகளை இசிவு நோய்க்குக் கொடுத்ததும் இதே மரபுதான். நஞ்சு விழத் தாழ்த்தால் கொடியைப் பிடித்திழுத்ததும், வயிற்றை மிதித்து அமுக்கியதும், தீட்டென்று சொல்லித் தாயை மாட்டுத் தொழுவத்தருகே கிடத்தியதும் இம்மண்ணில் நடந்தனவே. தாய்சேய் இசிவு நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-இல் தான் அறிவிக்கப்பட்டது. அவ்வெற்றி தடுப்பூசியாலும் தூய அலகாலும் வந்ததேயன்றிப் பழம்பெருமையால் வந்ததன்று. தமிழ்மரபைக் காக்க எழுவோர் இதனை மறைப்பின் அம்மரபுக்கே கேடு செய்தவராவர்.

ஆனால் தூய்மையின்மையை மருத்துவச்சியின் தனிக்குற்றமாகச் சாற்றுவதும் வரலாற்றுக்கு ஒவ்வாது. 1847-இல் வியன்னாவின் பெரிய மருத்துவமனையில் இரு பேற்றுப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவரும், மற்றொன்றில் மருத்துவச்சி மாணவியரும் பயின்றனர். மருத்துவ மாணவர் பிரிவில்தான் தாய்மார் காய்ச்சலால் மிகுதியாக மாண்டனர். பிணம் அறுத்த கையைச் செவ்வனே கழுவாமல் அவர்கள் பேறு பார்த்ததே கரணியம் என்று செம்மல்வைசு என்னும் மருத்துவர் கண்டு, கைகழுவும் ஒழுங்கைப் புகுத்தியபின் சாவு விரைந்து குறைந்தது. ஐரோப்பாவின் கற்ற மருத்துவர் தம் கையைக் கழுவ மறுத்த காலமும் இருந்தது என்பதை, தமிழச்சியின் கையைப் பழிப்போர் நினைவிற் கொள்ளல் நன்று.

அறியாமையைக் கற்பித்துப் போக்கலாம். கற்பிக்க முன்வந்தோர் யாரிடம் போயினர் என்பதே கேள்வி. சென்னை எழும்பூரில் 1844-இல் பேற்று மருத்துவமனை தொடங்கியது. 1850களில் அங்கு மருத்துவச்சியர்க்குப் பயிற்சியும் தொடங்கியது. 1926-இல் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்கெனச் சென்னை மாநிலத்தில் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. சட்டத்தின் பெயரில் மருத்துவச்சி இடம்பெற்றாள். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பேறு பார்த்த முடிதிருத்துங் குடிப் பெண்ணும் சேரிப் பெண்ணும் அச்சட்டத்தின் பதிவேட்டிற்குள் வர வழியில்லை. எழுத்தறிவு வேண்டும் என்றனர். அவர்களுக்கு எழுத்தறிவைக் கொடாதவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. பிற்காலத்தில் அவர்கட்குச் சில கிழமைப் பயிற்சியும், வழலைக்கட்டியும் அலகும் நூலும் அடங்கிய ஒரு பையும் கொடுத்தார்கள். அதன்பின் 'வீட்டிற் பேறு பார்ப்பது தவறு' என்று அப்பையையும் மதிப்பிழக்கச் செய்தார்கள். அவர்கள் பட்டறிவை உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டவர் மிகச் சிலர்.

படித்துப் பதிவுபெற்ற மருத்துவச்சியின் நிலையேனும் ஓங்கியதா? தாய்சேய் நல விடுதிகளில் பேறு பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த பெண்டிரை இன்றும் விழுப்புரத்து முதியோர் பெயர்சொல்லி நினைவுகூர்வர். 1972-இல் நடுவணரசு அமைத்த கர்த்தார் சிங்கு குழு, பல பணிகளையும் ஒருவரே செய்யும் பணியாளர் வேண்டும் என்றது. அதன்வழி 1977-இல் துணைச் செவிலி–மருத்துவச்சியர் பயிற்சி 24 திங்களிலிருந்து 18 திங்களாகக் குறுக்கப்பட்டது. குறுகியது காலம் மட்டுமன்று. பேற்றுக்கல்வியின் இடமும் குறுகியது. குடும்பக்கட்டுப்பாட்டு இலக்கு, தடுப்பூசி, கொசு ஒழிப்பு, கணக்கெடுப்பு என வந்த சுமையெல்லாம் அவள் தலையில் ஏறின. 1980களில் தென்மார்க்கு நாட்டின் பொருளுதவியோடு தென்னார்க்காடு, சேலம் மாவட்டங்களில் துணைநிலையங்கள் எழுந்தன. செவிலி அங்கேயே தங்கிப் பேறு பார்க்க இடமும் அமைந்தது. கட்டடம் வந்தது, கை வரவில்லை. நாளடைவில் பேறுகள் பெரிய நிலையங்கட்குப் போக, துணைநிலையச் செவிலியின் கையிற் பதிவேடும் கணிப்பொறிப் பதிவும் எஞ்சின. ஆண்டுக்கு ஒரு பேறும் பாராத கையில் எந்தத் தேர்ச்சி தங்கும்? ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஒரு மாணவி குறைந்தது 40 பேறுகளைத் தானே பார்த்த பின்னரே மருத்துவச்சியாவாள் என்பது பொதுவிதி. பின்னும் அவள் அத்தொழிலை விடாது செய்துகொண்டிருப்பாள். நீச்சலைப் போன்றதன்று இக்கலை. விட்டால் கை மறந்துவிடும்.

உரிமையும் அவ்வாறே. பேறு முடிந்தவுடன் பெருகும் குருதிப்போக்கே தாய்மாரைக் கொல்வனவற்றுள் முதன்மையானது. பிள்ளை வெளிவந்த ஒரு மணித்துளிக்குள் கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் ஊசி 10 அலகு போட்டால் பெரும்பான்மையும் அதனைத் தடுக்கலாம். ஆயினும் 2005-ஐ ஒட்டி நடுவணரசு நெறிமுறை வகுக்கும்வரை, துணைச் செவிலி–மருத்துவச்சிக்கு அம்மருந்தையும், சூல்வலிப்புக்குரிய மக்னீசியச் சல்பேட்டின் முதலூசியையும் தானே போடும் உரிமை இல்லை. கண்முன் குருதி வழியும். மருந்து பெட்டியில் இருக்கும். அவள் மருத்துவர்க்கு ஆள் அனுப்ப வேண்டும்! இத்தகைய ஏற்பாட்டிற்குள் நாற்பதாண்டு பணிசெய்த ஒருத்திக்குத் தன் கண்மீதே நம்பிக்கை அற்றுப்போகும். கற்பித்தும் உரிமை கொடாமை, கற்பியாமையினும் கொடிது.

குருதியை அளப்பதிலும் ஒரு பாடம் உண்டு. கண்ணால் மதிப்பிடும் எவரும், மருத்துவராயினும் செவிலியாயினும், வழிந்த அளவைக் குறைத்தே மதிப்பிடுவர். கென்யா, நைசீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வொன்றில், அளவுக்கோடிட்ட ஒரு விரிப்பைத் தாயின்கீழ் விரித்துக் குருதியை அளந்து, குறித்த அளவு தாண்டியவுடன் செய்யவேண்டியன அனைத்தையும் ஒருசேரச் செய்தனர். கடுங்குருதிப்போக்கும் அதனால் வரும் சாவும் அறுவையும் 60 விழுக்காடு குறைந்தன. விலையுயர்ந்த கருவி எதுவும் அங்கில்லை. அளவறிந்தவுடன் யாரையும் கேளாமற் செயற்படும் உரிமை மருத்துவச்சிக்கு இருந்தது. வேறுபாடு அங்கேதான்.

தமிழ்நாட்டு அரசின் பணியை இவ்விடத்துக் குறைத்துரைத்தல் முறையன்று. தொடக்க நலவாழ்வு நிலையங்களில் மும்மூன்று செவிலியரை அமர்த்தி இரவும் பகலும் பேறு பார்க்கச் செய்ததும், ஒவ்வொரு தாயின் சாவையும் உசாவி அறிந்ததும், 2004-இல் பேற்றறையிற் பெண்ணுறவு ஒருத்தி உடனிருக்க இசைந்ததும், 2008-இல் 108 ஊர்தியை விட்டதும் உயிர்களைக் காத்தன. 2018–20 கணக்கின்படி நூறாயிரம் பிறப்புக்குத் தாய்ச்சாவு 54; இந்திய மாநிலங்களுள் குறைந்த சிலவற்றுள் ஒன்று. 2019–21 கணக்கெடுப்பில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நடந்தன. திண்டிவனத்தின் அந்த மூன்று கணவன்மாரைப் போல் இன்று எவனும் வாயில்வாயிலாக அலைய வேண்டுவதில்லை. விழுப்புரத்திற்கு அருகே முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகின்றது. அதற்கும் முடியாததற்குப் புதுச்சேரிச் சிப்மர் இருக்கின்றது.

அதே 2019–21 கணக்கெடுப்பில் மற்றோர் எண்ணும் உண்டு. தமிழ்நாட்டிற் பிறந்த பிள்ளைகளில் 44.9 விழுக்காடு வயிற்றை அறுத்தெடுக்கப்பட்டவை. ஐந்தாண்டுக்கு முன் அது 34.1 விழுக்காடு. 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் அறுவை மிகுவதால் தாய்சேய் சாவு மேலும் குறைவதில்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் முடிபு. தேவைப்படும் அறுவை உயிர்காப்பது. அதனை யாரும் பழிக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ இருவரில் ஒருத்திக்குத் தமிழச்சியின் உடல் பிள்ளை பெறத் தகுதியற்றுப் போய்விட்டதா? அன்று. பொறுத்திருக்கக் கற்றவள் பேற்றறையில் இல்லை என்பதே அவ்வெண்ணின் ஒரு பொருள். தனியார் மருத்துவமனைகளின் வருவாய் வேட்கை, நல்ல நாள் பார்த்துப் பிள்ளையெடுக்கும் அறியாமை, வழக்குக்கு அஞ்சும் மருத்துவர் நிலை ஆகியனவும் சேர்ந்தனவே. ஆயினும் பத்து மணிநேரம் ஒரு தாயின் அருகிலிருந்து, முதுகை நீவி, நடக்கவைத்து, நிற்கவைத்து, பிள்ளையின் நெஞ்சத்துடிப்பைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பது யார் வேலை? மருத்துவர்க்கு நேரமில்லை. செவிலியோ பேற்றறையில் ஓரளவு கைபழகுமுன் வேறு பிரிவுக்கு மாற்றப்படுகின்றாள். அங்கிருந்து ஒருத்தி இங்கு வருகின்றாள். தச்சனை ஆறு திங்களுக்கொருமுறை கொல்லனாக்கினால் ஊரில் ஏரும் இராது, வண்டியும் இராது.

இனி மொழி. சுவீடனில் மருத்துவச்சியர்க்கென அந்நாட்டு மொழியிலேயே 1697-இல் நூல் எழுதினார் யோகான் வான் ஊர்ன் என்னும் மருத்துவர். பின் ஊர்தோறும் பயின்ற மருத்துவச்சியை அமர்த்தினர். 1829 முதல் இடுக்கி முதலிய கருவிகளைக் கையாளும் உரிமையையும் அவளுக்குத் தந்தனர். 1751-க்கும் 1900-க்கும் இடையே அந்நாட்டில் நூறாயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ 900 ஆக இருந்த தாய்ச்சாவு 230 அளவிற்கு இறங்கியது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் குருதியேற்றமும் வருவதற்கு முற்பட்ட காலம் அது என்பதைக் கருதுக. உழவன் மகள் தன் தாய்மொழியிற் படித்து, தன்னூர்ப் பெண்ணுக்குப் பேறு பார்த்தாள், அவ்வளவே.

தமிழுக்கு அவ்வாய்ப்பு இல்லாமற் போகவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப்பணி ஆற்றிய அமெரிக்கர் சாமுவேல் கிறீன், மான்செல் என்பாரின் மகப்பேற்று நூலை 1857-இலேயே தமிழாக்கினார். 'பிரசவ வைத்தியம்' என்று அதன் பெயர் வடசொற் போர்வை போர்த்திருப்பினும் தமிழ் படித்தவன் கற்கத்தக்க நூல் அது. பின்னர் மருத்துவக் கல்வி முழுமையையும் தமிழிலேயே நடத்தி, தமிழ் மருத்துவர் பலரை அவர் உருவாக்கினார். ஓர் அயலான் நூற்றறுபது ஆண்டுக்கு முன் செய்துகாட்டியதைத் தமிழ்நாட்டின் மருத்துவக் கல்வியாளர் இன்னும் 'இயலுமா?' என்று ஆராய்ந்து கொண்டிருக்கின்றனர்! ஈழத்தில் இன்றும் ஊரக மருத்துவமாதர் சிங்களத்திலும் தமிழிலும் கற்று, ஒன்றரையாண்டுப் பயிற்சிக்குப்பின் ஒவ்வொரு சிற்றூர்ப் பகுதிக்கும் பொறுப்பேற்கின்றனர். 1930களில் நூறாயிரம் பிறப்புக்கு ஈராயிரத்தைத் தாண்டியிருந்த தாய்ச்சாவு அத்தீவில் ஐம்பதுக்குங் கீழே இறங்கியதில் அவர்கள் பங்கு உலகறிந்தது.

மொழியால் தேர்ச்சி எங்ஙனம் மாறும் என வினவுவோர் பேற்றறையின் ஒரு மணிநேரத்தை எண்ணிப் பார்க்க. தாய் தன் உடலில் நிகழ்வதைத் தமிழிற் சொல்கின்றாள். 'இடுப்பைப் பிளக்கிறது', 'கீழே அழுத்துகிறது', 'பிள்ளை காலையிலிருந்து துள்ளவில்லை' என்னும் மூன்றும் மூன்று வேறு செய்திகள். மூன்றாவது உடனே செயற்பட வேண்டியது. செவிலி அவற்றை ஆங்கில முதலெழுத்துக் குறிகளாக்கிப் பதிவேட்டில் இடுகின்றாள். வலியின் போக்கை மணிதோறும் குறிக்க வேண்டிய 'பார்ட்டோகிராப்' என்னும் வரைவுத்தாள் முழுதும் ஆங்கிலம். பணிமாறி வருபவள் தாயைக் கேளாமல் தாளைப் பார்க்கின்றாள். தாள் நிரம்பியிருக்கும், அதிற் பல, பேறு முடிந்தபின் ஒருசேர நிரப்பப்பட்டவையாக இருக்கும். பொருள் உணர்ந்து பயன்படுத்த வேண்டிய கருவி, மேலதிகாரிக்குக் காட்டும் படிவமாகி விடுகின்றது. தன் மொழியில் எண்ணாதவள் அக்கோடு ஏன் வளைகின்றது என்று தன்னையே கேட்டுக்கொள்வதில்லை. அதனினும் பெரிய தீங்கு, பழஞ்சொற்களோடு அவற்றின் பட்டறிவும் அறுந்துபோதல். 'பொய்வலி'யின் பொருளைத் தன் பாட்டியிடம் கேட்டறிந்தவளே பயிற்சிப் பள்ளியில் அச்சொல்லைச் சொல்ல நாணுகின்றாள்.

வலியில் அலறும் பெண்ணை அதட்டுவதும், 'பெறும்போது தெரியவில்லையா' என இழித்துரைப்பதும், சில இடங்களில் அடிப்பதும் பேற்றறைகளில் நடக்கின்றன. அங்கே கிடந்த பெண்களைக் கேட்டால் தெரியும். அச்சமும் நாணமும் மிகுந்தால் வலி தடைப்பட்டுப் பேறு நீளும். ஆதலின் இன்சொல் வெறும் பண்பன்று. தொழிற்றேர்ச்சியின் ஒரு கூறு. அதனையும் தேர்வில் வைத்து மதிப்பெண் இடுவோர் யார்?

2017-இல் தெலங்கானா, கரீம்நகரில் 30 செவிலியர்க்கு ஒன்றரையாண்டுப் பேற்றுப்பயிற்சி அளித்துத் தனி மருத்துவச்சியராக்கத் தொடங்கியது. 2018-இல் நடுவணரசும் அதே போக்கில் நெறிமுறை வெளியிட்டது. நல்ல தொடக்கமே. ஆனால் தில்லி அவர்கட்குச் சூட்டியது வாயில் நுழையாத நான்கு ஆங்கிலச் சொற்றொடர். தமிழ்நாடு அதனை அப்படியே இறக்கி, ஆங்கிலப் பாடநூலோடு நடத்துமாயின் 1977-இன் பிழை வேறுருவில் திரும்பும்.

முண்டியம்பாக்கத்து மருத்துவக் கல்லூரியிலும் திண்டிவனத்து அரசு மருத்துவமனையிலும் இதனைத் தமிழில் தொடங்கத் தடையென்ன? பேறு பார்ப்பது தவிர வேறெப் பணிக்கும் மாற்றப்படாத தனிப்பணிநிலை; இயல்பான பேற்றைத் தானே பார்க்கவும், பிறழும்போது தானே முதன்மருந்து கொடுக்கவும், மருத்துவரைக் கட்டளையிட்டு அழைக்கவும் உரிமை; தமிழ்ப் பாடநூல், தமிழ்ப் பதிவேடு, தமிழ் வரைவுத்தாள். இவற்றிற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. பயிற்சிக்கு இடம் ஒதுக்கும்போது, வழிவழியாகப் பேறு பார்த்துக் கூலியாக முறநெல் வாங்கிய குடிகளின் மகளிர் அதனை இழிதொழிலெனத் துறந்து போயிருப்பின் அவர்களைக் குறைகூற முடியாது. வர விரும்பும் மகளுக்கு முதலிடமும், எல்லாச் சாதிப் பெண்களும் அவளோடு ஒரே விடுதியில் தங்கிக் கற்கும் ஏற்பாடும், பட்டம்பெற்ற மருத்துவர்க்கு அருகே அமரும் ஊதியமும் தருக. இன்னும் உயிரோடிருக்கும் முதிய மருத்துவச்சியரைச் செஞ்சியிலும் மயிலத்திலும் மரக்காணத்திலும் தேடிச் சென்று, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்க. அவருள் இளையோர்க்கே எழுபதாண்டு கடந்திருக்கும்.